"இன்னைக்கு அந்தப் பக்கம் வேணாம்"

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு எழுதப்படாத கடமை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், மறுநாள் தேக்கடிக்குக் கூட்டிப்போக வேண்டும். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபத்தில் ஒரு போட்டோ. அப்புறம் மலை ஏறினால் குமுளி. ஏலக்காய், மிளகு, நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, படகு டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். படகில் ஏறியதும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "யானை வருமா?"

நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. யானை வரக் கூடாது என்பதுதான் இந்தப் பக்கத்தில் அன்றாட வேண்டுதல். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே கம்பத்திலிருந்தும் சுற்றுப்பட்டியிலிருந்தும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கிப் பக்க ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். வழியில் எது நின்றாலும் அன்றைக்குக் கூலி போச்சு. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் கொண்டுவந்து விட்ட யானை. 144 தடை உத்தரவு போட்டார்கள், கடைகளை அடைத்தார்கள், ஒரு உயிரும் போனது. அந்த வாரம் முழுக்க எனக்கு வெளியூர் நண்பர்களிடமிருந்து வந்த செய்திகளில் பாதி, "பாவம் அந்த யானை" என்பதாகத்தான் இருந்தது. பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் காட்டைப் பார்க்க வருகிறவரும் காட்டு ஓரத்தில் குடியிருப்பவரும் ஒரே யானையைப் பார்ப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு நன்றாக உறைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிராமத்து இயற்கைச் சுற்றுலா பற்றி எங்கே பேச்சு வந்தாலும், "உள்ளூர் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அவர்கள் ஒத்துழைப்பதில்லை" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. காட்டில் எந்த மாதம் எது காயும், எந்த ஓடையில் எது தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு என்ன விழிப்புணர்வை ஏற்றப் போகிறோம்? ஊர்க்காரர்களின் மனசு எந்தப் பக்கம் சாயும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, காசு யார் கைக்குப் போகிறது. இரண்டாவது இதைவிட முக்கியம்: "இன்னைக்குப் போக வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. இரண்டும் ஓரளவுக்காவது சரியாக அமைந்த இடம் எங்கள் மலைக்கு மேலேயே இருக்கிறது. தேக்கடி ஏரியைச் சுற்றியிருக்கும், கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம்.

பெரியாறு காட்டின் கதை 1895-இல் முல்லைப்பெரியாறு அணையோடு ஆரம்பிக்கிறது. அணை தேக்கிய நீரில் காடு மூழ்கி, ஏரி உருவானது. இன்றும் படகில் போனால் தண்ணீருக்கு மேலே கறுத்து நிற்கும் மரக்கட்டைகள் அந்தப் பழைய காட்டின் மிச்சம். ஏரியைச் சுற்றியுள்ள காடு 1934-இல் சரணாலயம் ஆனது, 1978-இல் புலிகள் காப்பகம் ஆனது. இன்றைக்கு 925 சதுர கிலோமீட்டர். இத்தனைக்கும் நடுவில் அங்கே பழங்குடி மக்கள் இருந்தார்கள். மன்னான்கள், பளியர்கள், ஊராளிகள், மலம்பண்டாரங்கள். மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து பாண்டியனோடு மலையேறியவர்கள் என்று சொல்கிறவர்கள். கோவில்மலையில் அவர்களுக்கு இன்றைக்கும் ராஜா உண்டு. அவர்கள் ஆடும் மன்னான் கூத்தில் வரும் கதை கோவலன் கண்ணகி கதை. கண்ணகி கோயிலும் பெரியாறு காட்டு மலை முகட்டிலேயே, மங்கலதேவியில், வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிறது. காட்டுக்கு நடுவே எல்லைக்கோடு போனாலும் கதைகள் இரண்டு பக்கமும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

சரணாலயம் வந்ததும் காட்டையே நம்பிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். விறகு எடுத்தால் வழக்கு, மாடு மேய்த்தால் வழக்கு. அதில் துணிந்த சிலர் பெரிய வேலைக்கே இறங்கினார்கள். வயணப்பட்டை உரிப்பது அப்படி ஒன்று. பிரியாணிக்குப் போடும் பட்டையின் காட்டுச் சொந்தம் அது. மசாலா வியாபாரத்தில் நல்ல கிராக்கி. மரத்தைச் சுற்றி முழுசாக உரித்துவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும். பட்டை உரிக்கப் போகிறவர்கள் நாள் கணக்கில் காட்டுக்குள்ளேயே தங்குவார்கள். காவலர் கண்ணில் படாமல் நடக்க அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் காட்டில் வேறு யாருக்கும் வழி தெரியாது.

1996-இல் உலக வங்கி உதவியோடு நாட்டில் ஏழு காடுகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. பெரியாறு அதில் ஒன்று. திட்டம் 2004 வரை ஓடியது. இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. தையல் மிஷின் கொடுப்பார்கள், புகையில்லா அடுப்பு கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். பெரியாறில் இருந்த சில அதிகாரிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். பட்டை உரிக்கும் கூட்டத்தைக் கூப்பிட்டுப் பேசினார்கள். தொழிலை விட்டு, காட்டுக்குள் வேறு யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொன்னால், பழைய வழக்குகளைக் கைவிடுகிறோம், வேலையும் தருகிறோம் என்றார்கள். 23 பேர் வந்தார்கள். 1998-இல் அவர்களை வைத்தே 'பெரியாறு டைகர் டிரெயில்' என்ற நடைபயணம் தொடங்கியது. சின்னக் குழுவாக ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், கூடாரத்தில் தங்க வைத்து, சமைத்துப் போட்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. குழுவின் பெயரிலேயே பழைய தொழில் இருந்தது: முன்னாள் வயணப்பட்டைக்காரர் குழு. மறைக்கவில்லை பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் அந்த நடைக்கு ஒரு மழைக்காலத்து முடிவில் போனேன். என்னோடு ஒரு நகரத்துத் தம்பதி, இரண்டு கல்லூரிப் பையன்கள். கிளம்பும் முன்னால் முழங்கால் வரை வரும் துணிக் காலுறையைக் கொடுத்து, அதன் மேல் மூக்குப்பொடியைத் தூவிவிட்டார்கள். அட்டைக்கு மருந்து அது. எங்கள் முன்னால் நடந்தவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பச்சைச் சட்டை, தோளில் ஒரு பை, கையில் கம்புகூட இல்லை. பின்னால் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். நடுவில் நாங்கள்.

அவர் அதிகம் பேசவில்லை. ஒரு மரத்தருகே நின்று, என் தலைக்கு மேலே பட்டையில் இருந்த நகக் கீறல்களைக் காட்டினார். கரடி. இன்னொரு இடத்தில் குனிந்து, யானை லத்தியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூக்கை மட்டும் லேசாகத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். முன்னால் ஈத்தை மூங்கில் காடு, அதற்கப்பால் புல்வெளி. அந்தப் புல்வெளிக்குத்தான் நாங்கள் போக வேண்டும். அங்கிருந்துதான் ஏரி முழுக்கத் தெரியும் என்று கல்லூரிப் பையன்கள் ஆசையோடு வந்திருந்தார்கள்.

"இன்னைக்கு அந்தப் பக்கம் வேணாம்," என்றார்.

நகரத்துக்காரருக்குக் கோபம். "முழுக் காசு கட்டியிருக்கோமே, பாதியிலேயே திருப்புனா எப்படி?"

"காசு கட்டுனது நடக்குறதுக்கு சார். யானைகிட்ட நாங்க எதுவும் பேசி வைக்கல."

காவலர் சிரித்துவிட்டார். நாங்கள் திரும்பி ஓடைக்கரையாகச் சுற்றிக்கொண்டு போனோம். இங்கே நான் கவனித்தது ஒன்றுதான். துப்பாக்கி வைத்திருப்பது அரசாங்கச் சம்பளம் வாங்கும் காவலர். ஆனால் எந்தப் பக்கம் போவது என்று அவர் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் அந்த இருவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

ராத்திரி சாப்பாட்டுக்குச் சோறு, சாம்பார், அப்பளம். எல்லாம் முடிந்து கட்டன் சாயா குடிக்கும்போது அதைக் கேட்டேன்.

"அண்ணே, இந்த வழியெல்லாம் அப்பவே தெரியுமா?"

"இந்த வழியிலதான் தம்பி பட்டைக்கட்டு தலையில வச்சுக்கிட்டு நடந்தேன். ராத்திரி, லைட்டு இல்லாம. அன்னைக்கு கார்டு சத்தம் கேட்டா ஓடுவோம். இப்ப அவரு துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நம்ம பின்னாடி வர்றாரு."

பணம் எப்படி ஓடுகிறது என்பதையும் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் கட்டும் கட்டணம் குழுவின் பொது நிதிக்குப் போகிறது. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம். ஆள் வராத மழை மாதத்திலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அன்றன்றைக்கு வருகிற டிப்ஸை நம்பிப் பிழைத்தால், "யானை கிட்டப் போங்க" என்று கேட்கிறவரிடம் மறுத்துப் பேச முடியாது. மாதச் சம்பளக்காரர் மறுக்கலாம். கூடவே, பகலெல்லாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் நடப்பதே ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. வெட்டுக்கத்தியோடு வருகிறவன் எந்தத் தடத்தில் வருவான் என்று அவர்களுக்குத்தான் தெரியும், அவர்களே வந்த தடம்தானே.

உலக வங்கிப் பணம் நின்றதும் இதெல்லாம் படுத்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். படுக்கவில்லை. 2004-இல் பெரியாறு ஃபவுண்டேஷன் என்று ஒரு அமைப்பை உண்டாக்கி, வருகிறவர்களிடம் வாங்கும் கூடுதல் கட்டணத்தை அரசுக் கஜானாவுக்கு அனுப்பாமல் இங்கேயே செலவழிக்க வழி செய்தார்கள். புலிகள் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று 2006-இல் திருத்திய வன உயிரினச் சட்டமே சொல்லிவிட்டது.

ஆனால் சுற்றுலா மட்டும் இந்த மனமாற்றத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது பாதிக் கதை. குமுளியில் குடியமர்த்தப்பட்ட மன்னான், பளியர் குடும்பங்களுக்கு மிளகுத் தோட்டம் இருந்தது. ஆனால் கொடி பூக்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, தோட்டத்தை அடகு வைத்திருப்பார்கள். விளைந்தது முழுக்க வட்டிக்குப் போகும். தங்கள் தோட்டத்து மிளகை அவர்களே தொட முடியாது. திட்டப் பணத்தில் முதலில் அந்தக் கடனை அடைத்தார்கள். அப்புறம் மிளகை அந்தக் குடும்பங்களின் குழுவே வாங்கி விற்றது. இயற்கை விவசாய மிளகு என்று வெளிநாட்டுக்கும் போனது. வியாபாரியின் கணக்குப் புத்தகத்திலிருந்து விடுபட்ட குடும்பத்துக்கு, ராத்திரி காட்டுக்குள் போய் எதையாவது வெட்டிக்கொண்டு வர வேண்டிய நெருக்கடி குறைகிறது. சுற்றுலா பற்றிய அறிக்கைகளில் இந்த மிளகுக் கதை ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. எனக்கு என்னவோ இதுதான் அடித்தளம் என்று படுகிறது.

அப்புறம் வசந்தசேனை. குமுளியில் காட்டோரம் இருக்கும் பெண்கள் 2002 முதல் முறைபோட்டுக்கொண்டு பகலில் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். சந்தன மரங்களுக்குக் காவல். சம்பளம் கிடையாது. ஏன் போகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஒருவர், வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கலாம் என்றார்! நான் அதை நம்புகிறேன். எல்லாரும் புலிக்காகவே நடப்பதாகச் சொன்னால்தான் சந்தேகப்படுவேன்.

காசே புழங்காத இடத்திலும் இந்த ஒட்டுதல் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்க்கு வரும் சுற்றுலாக்காரர்களால் அந்த ஊருக்குப் பெரிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது? அங்கே வெடியை நிறுத்தியது ஊரே எடுத்த முடிவு. வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை.

பெரியாறில் எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. குழுவில் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவில் மனத்தாங்கல் இருக்கத்தான் செய்கிறது. ஜீப் ஓட்டுகிறவர், கடை வைத்திருப்பவர், ஹோம்ஸ்டே நடத்துகிறவர், இவர்களுக்குக் கூட்டம் வந்தால் போதும். எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று கட்டுப்படுத்தினால் முதலில் முனகுவது அவர்கள்தான். அவர்கள் முனகுவதிலும் நியாயம் இருக்கிறது, வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய வீடு காலியாகக் கிடந்தால் என்ன செய்வார்கள்? மன்னான் குடியிருப்புக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூத்தைச் சுருக்கி ஆடிக் காட்டுவதும் எனக்கு ஒட்டவில்லை. விடிய விடிய ஆடும் கண்ணகி கதை, டிக்கெட் வாங்கியவரின் டின்னர் நேரத்துக்குத் தக்கபடி முடிகிறது. ஆனால் ஆடிய பெண் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இதுக்குன்னு ஒத்திகை பாக்குறதுனாலதான் எங்க பிள்ளைங்களுக்குப் பாட்டு மறக்காம இருக்கு," என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சூழல் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்றதும் இடுக்கி மாவட்டமே கடையடைத்துத் தெருவுக்கு வந்தது. 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தியது. அந்த நாட்களில் குமுளி பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டிருந்தால் தெரியும், காட்டைப் பற்றி யாரும் கெட்டதாகப் பேசவில்லை. "எங்களைக் கேட்டாங்களா?" என்றுதான் பேசினார்கள். வரைபடத்தில் கோடு போட்டவருக்கு அந்தக் கோட்டுக்குள் வீடு இருக்கிறதா, சர்ச் இருக்கிறதா, ஏலத்தோட்டம் இருக்கிறதா என்று தெரியாது.

இப்போது மலைக்கு இந்தப் பக்கம் வருகிறேன். எங்கள் தேனி மாவட்டம்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்திருந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். தீயைப் பார்த்து முதலில் மலையேறி ஓடியவர்களில் குரங்கணி ஊர்க்காரர்கள் இருந்தார்கள். போர்வையில் தூளி கட்டி, தீயில் கருகியவர்களை இறக்கினார்கள். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மாசி பங்குனியில் போதைப்புல் என்கிற காட்டுப்புல் இடுப்பளவு காய்ந்து நிற்கும், பீடி நெருப்பு போதும், காற்று மேலே இழுத்துக்கொண்டு போகும் என்று. இந்த அறிவு அந்த ஊரில் எப்போதும் இருக்கிறது. "இந்த மாசம் வேணாம்" என்று அவர்கள் சொல்லவும், அந்தச் சொல்லுக்கு ஆட்கள் நிற்கவும் எந்த ஏற்பாடும் இல்லை. அடிவாரத்தில் டீ விற்பதும் சுமை தூக்குவதும்தான் சுற்றுலாவில் அவர்களுடைய பங்கு. ஒப்புக்குச் சப்பாணி.

அதற்கப்புறம் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 நடைபாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியது. ஆன்லைனில் பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களையும் காட்டோர ஊர்ப் பிள்ளைகளையும் எடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. எனக்குள்ள கேள்வி சின்னது. பெரியாறில் அந்த ஐம்பது வயதுக்காரர் சொன்ன ஒரு வார்த்தைக்கு முழுக் கூட்டமும் திரும்பியது. இங்கே இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் "இன்னைக்கு வேணாம்" என்று சொன்னால், பணம் கட்டியவர் போனை எடுத்து மேலே பேசினால், யார் சொல் நிற்கும்? அவனுக்கு மாதச் சம்பளமா, நாள் கூலியா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மேகமலையில் இது இன்னும் சிக்கல். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, 1,016 சதுர கிலோமீட்டர், நாட்டின் 51-வது. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் தேயிலைத் தோட்டமும் அணைகளும் மேகமுமாக இருக்கும். விடுமுறை நாளில் கார்கள் வரிசை கட்டுகின்றன. இப்போது யூடியூபில் எல்லாரும் கொடுக்கும் யோசனை, "உள்ளூர் மக்கள் ஹோம்ஸ்டே வைக்கலாமே, வருமானம் வருமே" என்பது.

போன பொங்கலுக்கு, மேகமலை எஸ்டேட்டில் அப்பா அம்மா இருவரும் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் ஒருவனிடம் இதையே கேட்டேன். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன், இப்போது சின்னமனூரில் வண்டி ஓட்டுகிறான்.

"டேய், ஹோம்ஸ்டே வைக்கணும்னா முதல்ல ஹோம் வேணும்ல? அது கம்பெனி வீடுடா. அப்பா ரிட்டையர் ஆனா சாவியக் குடுத்துட்டுக் கீழ இறங்கணும். சுத்தி எஸ்டேட்டு, அதுக்கு அந்தாண்ட ஃபாரஸ்ட்டு. எங்க ஆளுங்களுக்கு அங்க ஒரு சென்ட் கிடையாது."

பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது, தங்கும் விடுதி உரிமம் கிடைக்காது. அங்கே பிறந்து இலை பறித்து வயசானவர்களுக்குச் சுற்றுலாவில் மிஞ்சுவது கார் கண்ணாடியைத் துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும்தான். பெரியாறில் முதலில் மிளகுக் கடனை அடைத்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, மேகமலையில் அந்த இடத்தில் இருப்பது வீட்டு மனை. தோழனின் அப்பாவுக்கு இன்னும் மூன்று வருஷம்தான் சர்வீஸ் பாக்கி. கீழே ஓடைப்பட்டிப் பக்கம் ரெண்டு சென்ட் வாங்க முடியுமா என்று இப்போதே விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.